சிக்னேயின் ரைஃபிளுக்குக் குழல் மாற்றியது குறித்து

பெண்ட் க்ரீக், மொன்டானா
அக்டோபர் 2

1. ஹால்வர் ஸ்ட்ராண்ட் ஆகிய நான், வயது எழுபத்திரண்டு, இந்த மாவட்டத்தில் முப்பத்தொன்பது ஆண்டுகள் வழக்கறிஞராக இருந்து ஓய்வு பெற்றவன், உன் தகப்பன், இதை யாருடைய தூண்டுதலுமின்றி எழுதுகிறேன்.
2. இதில் நான் கண்டதைக் கண்டதென்றும், கேட்டதைக் கேட்டதென்றும், எனக்கு விளங்காததை விளங்கவில்லை என்றும் குறிப்பிடுவேன். மூன்றாவது வகைதான் அதிகம் இருக்கும்.

அன்பு மகள் சிக்னேக்கு,

அம்மாவும் நானும் உடல்நலத்தில் குறையின்றி இருக்கிறோம். பெர்த்தில் நீயும் அவ்வாறே இருப்பாய் என்று எடுத்துக்கொள்கிறேன், மாறாக ஏதேனும் இருந்தால் மறைக்காமல் எழுது. அம்மாவின் இடது முழங்கால் மாடிப்படியில் மட்டும் தகராறு செய்கிறது, சமதரையில் இல்லை. தேவாலய விருந்துக்கு இவ்வாண்டும் உருளைக்கிழங்கு உரிக்கும் பொறுப்பு அவளிடமே வந்திருக்கிறது. மலை உச்சிகளில் ஞாயிறன்று முதல் பனி விழுந்தது. உங்கள் பக்கம் வெயில் ஏறத் தொடங்கியிருக்கும், தொப்பி இல்லாமல் சுரங்க வளாகத்தில் நடக்காதே, அந்தி நேரத்தில் கங்காருக்கள் சாலையில் பாயும் என்று படித்தேன், ஆகவே அந்த வேளையில் வண்டி ஓட்டுவதைத் தவிர்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் ரைஃபிளை விற்றுவிடும்படி ஜூலையில் எழுதியிருந்தாய். "அதை இனிமேல் தொடமாட்டேன், யார் கேட்டாலும் குடுத்துடுங்க" என்பது உன் வாசகம். காரணத்தை நீ எழுதவில்லை. எனக்குத் தெரியாது என்றும் நான் சொல்லப்போவதில்லை. பன்னிரண்டு வயதிலிருந்து நீ சுட்டுச் சுட்டு அதன் குழல் உள்ளே தேய்ந்துபோயிருந்தது. தேய்ந்த பொருளை நல்ல பொருள் என்று ஒருவர் தலையில் கட்ட எனக்கு மனம் வரவில்லை. துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கேட்டேன், பதினான்கு மாதம் காத்திருக்க வேண்டுமாம். பக்கத்துப் பண்ணை லாயிட் வெப்பர் கேலி செய்தான்: "ஏன்யா வக்கீலு, எந்தக் காலத்துல இருக்கீங்க? இப்பல்லாம் ரெடிமேட் குழல் வருது. அந்த மாடலுக்கு அளவெடுத்துக் கடைஞ்சே அனுப்பிடறான். பழசைக் கழட்டு, புதுசைத் திருகு, வேலை முடிஞ்சது." அவ்வாறே வரவழைத்தேன். இங்கேயே எனக்கு முதல் குழப்பம். சட்டத்தின் பார்வையில் எண் பொறித்த உடற்பகுதிதான் துப்பாக்கி, குழல் வெறும் உதிரிப் பாகம். இதை நானே எத்தனையோ கட்சிக்காரர்களுக்கு விளக்கியிருக்கிறேன். ஆயினும் தபால்காரப் பெண் அதைத் தண்ணீர்க் குழாய் போல வாசலில் சாய்த்துவிட்டு, கையெழுத்துக்கூட வாங்காமல் போனபோது, நான் ஏதோ விதியை மீறிவிட்டது போல நின்றுகொண்டிருந்தேன்.

லாயிட்டின் கொட்டகையில் வைத்து வேலை செய்தோம். பழைய குழல் எளிதில் அசையவில்லை. லாயிட் நீண்ட பிடி போட்ட ஸ்பேனரில் முழு எடையையும் போட்டுத் தொங்கிய பிறகே 'டக்' என்று விட்டுக்கொடுத்தது. புதியது பிசகில்லாமல் திருகி உட்கார்ந்தது. அதன்பின் சோதனை. இரண்டு எஃகுத் துண்டுகள் உண்டு, தோட்டாவின் வடிவத்தில். முதலாவதன் மேல், தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்துப் பூட்டும் போல்ட் மூட வேண்டும். மயிரிழையளவு கூடுதல் நீளமான இரண்டாவதன் மேல் மூடக் கூடாது. மூடினால் தோட்டாவுக்குப் பின்னால் இடைவெளி அதிகம் என்று பொருள். மூடியது. வெண்ணெய் போல மூடியது. மூன்று முறை செய்து பார்த்தோம், மூன்று முறையும் அதே. குழல் தவறாகக் கடையப்பட்டிருக்கிறது என்று முடிவு செய்து, அந்த நிறுவனத்துக்கு இரண்டு பக்க அறிவிப்பு ஒன்றைத் தயாரித்தேன். கடுமையான அறிவிப்பு.

அதை நான் உறையில் போடுவதற்குள் லாயிட் போல்ட்டைத் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். "வக்கீலு, உங்க துப்பாக்கி நம்பர் கடைசில என்ன?" என்றான். 4417 என்றேன். "அப்போ இது எவன் வீட்டுப் போல்ட்டு? இதுல 4432ன்னு கீறியிருக்கே!" என்றான். 4432 உன் அண்ணன் ரோல்ஃபின் ரைஃபிள்.

சிக்னே, உங்கள் இருவரின் ரைஃபிள்களும் ஒரே மாடல், ஒரே கடையில் வாங்கியவை. நீங்கள் சிறுவர்களாக இருந்தபோதே போல்ட்டுகளைத் தனியே கழற்றி என் அலுவலக மேசை இழுப்பறையில் பூட்டிவைக்கும் வழக்கத்தை ஏற்படுத்தியவன் நான். நீங்கள் வளர்ந்த பிறகும் அதை விடவில்லை. முன்னெச்சரிக்கை என்று பெருமைப்பட்டேன். ஆறு ஆண்டுகளுக்கு முன் மார்ச் மாதம் அலுவலகத்தை மூடியபோது, பழைய துணிப்பைகளை எறிந்துவிட்டு, இரண்டையும் புதிய உறைகளில் போட்டு, பெயர்களைத் தட்டச்சு செய்து ஒட்டினேன். உன் பெயர் ஒட்டிய உறையில் அவனுடையது இருந்தது. ஒப்பந்தங்களின் அடிக்குறிப்பு வரை படித்த நான், என் மகளின் போல்ட்டில் கீறியிருந்த நான்கு இலக்கங்களைப் படிக்கவில்லை.

அந்த ஆண்டு நவம்பர் வேட்டையில் நடந்தது உனக்கு நினைவூட்டத் தேவையில்லை. நூற்றெண்பது கஜத் தொலைவில் அந்தப் பெரிய ஆண் எல்க் மான் நின்றது, நீ விசையை இழுத்தாய், 'கிளிக்' என்ற ஒலி மட்டும் வந்தது. இரவு உணவில் ரோல்ஃப், "பெருசைப் பாத்ததும் கை நடுங்கிடுச்சு, போல்ட்டைக்கூட முழுசா மூடல" என்று எல்லோர் முன்னும் சிரித்தான். நீ என்னைப் பார்த்தாய். நான் வெடிக்காத தோட்டாவை வாங்கி, போல்ட்டின் ஊசி அதன் அடியில் குத்திய பள்ளம் மேலோட்டமாக இருப்பதைக் காட்டி, "ரைஃபிளில் குறையில்லை, நானே சோதித்தேன், ஆகவே கையில்தான் குறை" என்று தீர்ப்பு வழங்கினேன். அந்த வாக்கியம் எனக்கு எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கிறது. அதன்பின் நீ ரோல்ஃபோடு பேசவில்லை, என்னோடு வானிலை மட்டும் பேசினாய், பிப்ரவரியில் ஆஸ்திரேலியா போய்விட்டாய்.

அந்தத் தோட்டா இன்றும் என்னிடம் உள்ளது. இடைவெளி அதிகமாக இருந்தால், ஊசி குத்தும்போது தோட்டா முன்னால் நழுவி, பள்ளம் மேலோட்டமாகவே விழும் என்கிறான் லாயிட். போல்ட் முழுதாக மூடாவிட்டாலும் அப்படியே விழும். ஒரே சான்று இரு பக்கமும் பேசுகிறது. நான் ஒரு பக்கத்தை மட்டும் கேட்டேன். இப்போதும் எனக்குத் தெளிவில்லை. பழைய குழலை முன்பே கழற்றிவிட்டதால் அதில் அளந்து பார்க்க வழியில்லை. அந்தச் செப்டம்பரில் இலக்குப் பலகையில் நீ சுட்ட பன்னிரண்டும் வெடித்தன, அதுவும் உண்மை. அன்று கடும் குளிர், எண்ணெய் உறைந்திருக்கலாம். ஆகவே போல்ட்தான் காரணம் என்று என்னால் சத்தியம் செய்ய இயலாது. ஆனால் உன் கைதான் காரணம் என்று சொல்ல எனக்கு அன்றும் ஆதாரம் இல்லை, இன்றும் இல்லை. இதை மட்டும் சத்தியமாகச் சொல்ல முடியும்.

ரோல்ஃபை அழைத்தேன். தன் ரைஃபிளோடு நாற்பது மைல் ஓட்டி வந்தான். போல்ட்டுகளை மாற்றிப் போட்டோம்: உன் போல்ட் உன் ரைஃபிளில் முதல் துண்டின் மேல் மூடியது, இரண்டாவதன் மேல் அசையவே மறுத்தது. அவன் தன் ரைஃபிளைத் திறந்து மூடிப் பார்த்தான், இப்போது அது தடையின்றி மூடியது. "ஆறு வருஷமா இது இறுகிக்கிட்டே இருந்துச்சுப்பா. எண்ணெய் போட மாட்டேங்கறன்னு என்னைத்தான் திட்டினீங்க" என்றான். அம்மா காப்பியை வைத்துவிட்டு, "அப்பனும் மகனும் தீர்ப்பு சொல்ல மட்டும் முந்திக்கிட்டீங்க. அந்தப் பொண்ணை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள். கேட்கவில்லை. பதிவு செய்கிறேன்.

ஆகவே நான் அன்று சொன்னதை முழுமையாகத் திரும்பப் பெறுகிறேன். ரைஃபிளை விற்கவில்லை, உன் கடிதம் இந்த உண்மைகள் தெரியாமல் எழுதப்பட்டது என்பதால் அதை உன் இறுதி விருப்பமாகக் கொள்ள எனக்கு உரிமையில்லை. விற்கச் சொன்னால் விற்கிறேன், வைத்திருக்கச் சொன்னால் வைத்திருக்கிறேன். என்ன விரும்புகிறாய் என்று எழுது. என்னை மன்னிக்க வேண்டும் என்று இதில் எங்கும் கோரவில்லை. எந்தச் சொற்களில் கோருவது என்று எனக்குத் தெரியவில்லை.

வேளைக்குச் சாப்பிடு. ஆண்டவர் உன்னைக் காக்கட்டும். உன் வண்டியின் முன் டயர்களை மாற்றச் சொல்லி இருமுறை எழுதிவிட்டேன், மாற்றினாயா என்று தெரிவி.

உன் அன்புத் தகப்பன்,
(ஒப்பம்) ஹால்வர் ஸ்ட்ராண்ட்

சாட்சிகள்:

1. லாயிட் வெப்பர்

2. ரோல்ஃப் ஸ்ட்ராண்ட். பேரு மட்டும்தான் போடணும்னு அப்பா சொன்னார். அன்னிக்கு நான் பேசினது தப்பு, சிக்னே. ஞாயித்துக்கிழமை கூப்பிடறேன், எடு.