போனை வைத்தது நான்தான்

அம்மா, நம்ப மாட்டீர்கள், எஸ்டேட் மேனேஜர் துரையின் புது காரை இப்போது நான்தான் ஓட்டுகிறேன்.

உங்கள் முழங்கால் வலி தேவலையா? நான் நலம். இந்தக் காரில் சீட்டே சூடாகும், கேமரன் மலைக் குளிரில் எழுந்திருக்கவே மனசு வராது. வீடியோ பார்த்தே எல்லா பட்டனையும் கற்றுக்கொண்டேன்.

ஆனால் வெள்ளிக்கிழமையிலிருந்து கோபம் அடங்கவில்லை. தானா ராத்தா டவுனுக்குப் போகும் வழியில் நீங்கள் போனில் கூப்பிட்டதும், ஸ்டியரிங்கில் இருக்கும் பச்சை பட்டனைப் பெருமையாக அமுக்கினேன். உங்கள் குரல் கார் முழுக்கக் கேட்டது. பின்சீட்டிலிருந்த துரை, "ஒங்க மவன் ரோட்டப் பாக்காம பட்டனையே பாக்குறான் லா" என்று உங்களிடம் விளையாட்டாகச் சொன்னார்.

உடனே நீங்கள், "கும்புடுறேங்க தொரை. சின்னப் பையன், மன்னிச்சிருங்க. வேலைய விட்டு நிப்பாட்டிடாதீங்க" என்று கெஞ்ச ஆரம்பித்தீர்கள். அவர் சிரித்தார். நான் சிவப்பு பட்டனை அமுக்கிவிட்டேன். மலையில் லைன் கிடைக்கவில்லை என்று நினைத்திருப்பீர்கள்.

நான் என்ன தப்பு செய்தேன், நீங்கள் மன்னிப்புக் கேட்க? அப்பா காலமெல்லாம் கைகட்டி நின்றது போதாதா? போனில் சொன்னால் கத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்புங்கள், ரூமில் தனியாக ரொம்பக் குளிருகிறது. ஞாயிறு மத்தியானம் கூப்பிடுங்கள், கார் பக்கமே போக மாட்டேன்.

துரை கூப்பிடுகிறார். தங்கச்சி சாந்தினியை இதை வீட்டில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வாசிக்கச் சொல்லுங்கள். "உனக்காக இனிமேல் யாரையும் கும்பிட மாட்டேன்" என்று ஒரு வரி பதில் போடுங்கள், அம்மா.

உங்கள் மகன்,
யோகேந்திரன்