சூப்பர்வைசர் பொண்ணு

கல்லாவி
4.6.2025

அன்புள்ள லாவண்யாவுக்கு,

இங்கு நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமா? பேசினால் கத்திவிடுவேன் என்று உன் அம்மா போனைத் தர மறுக்கிறாள். அதனால் எழுதுகிறேன்.

நீ கம்ப்யூட்டரில் சூப்பர்வைசர் பயிற்சி எடுக்கிறாயாமே? ஓசூர் கம்பெனியில் சூப்பர்வைசர் கரியப்பனிடம் நான் பட்டது போதாதா? நீ பிறந்த அன்று தாமதமாகப் போனேன் என்று வாசல் கேட்டிலேயே திருப்பி அனுப்பினான். ஏன் தாமதம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மனசு நொந்தவர்களுக்கு ஆறுதல் சொல்லும் கவுன்சலர் வேலையை விட்டு, நீ ஏன் அந்தக் கூட்டத்தில் சேர வேண்டும்? உங்கள் புது வீட்டில் பால் காய்ச்ச நாங்கள் வரமாட்டோம்.

அப்பா
பொன்னுசாமி

ஓசூர்
10.6.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

வேலையை நான் விடவில்லை. தினமும் பிறர் அழுவதைக் கேட்கும் கவுன்சலருக்கும் மனசு கனக்கும், தப்பும் வரும். அதை உட்கார்ந்து கேட்கும் மூத்த கவுன்சலருக்குத்தான் சூப்பர்வைசர் என்று பெயர். அதற்கு ஆன்லைனில் வகுப்பு. திட்டக்கூடாது. "அந்த நேரம் உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

வாயை மூடுவதுதான் எனக்கு வரவில்லை. நேற்றுப் பயிற்சிக்கு என்னிடம் பேச வந்த கவுன்சலர் டெல்சி தொண்டையைச் செருமினார். அதற்குள் மூன்று யோசனை சொல்லிவிட்டேன். உங்கள் பெண் என்று அங்கேயே தெரிந்துபோயிற்று.

கோபிக்காமல் வாருங்கள் அப்பா.

மகள்
லாவண்யா

கல்லாவி
24.6.2025

அன்புள்ள கண்ணுவுக்கு,

கடிதம் கிடைத்தது. பதினைந்தாம் தேதி ஞாயிறன்று சிங்காரப்பேட்டையில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலையில் கரியப்பன். எழுந்துவிடலாம் என்றால் பாயசம் இன்னும் வரவில்லை. முதல் முறையாக 'சார்' போடாமல் கேட்டேன்: "ஏம்பா கரியப்பா, என்னைக் கம்பெனி கேட்டுல திருப்பி அனுப்புனியே, அன்னைக்கு உனக்கு என்னப்பா கஷ்டம்?" பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

அவன் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. "சம்சாரம் புள்ளைங்களக் கூட்டிக்கிட்டுப் பொறந்த வீட்டுக்குப் போயிட்டா. அப்புறம் வரவே இல்ல. யாருகிட்டப் போயிச் சொல்றது? நான் சூப்பர்வைசராச்சே" என்றான்.

கை கழுவும் இடத்திலும் சொன்னான். பஸ் ஸ்டாண்டிலும் சொன்னான். எனக்கு இரண்டு பஸ் போய்விட்டது. இப்போது தினமும் காலையில் போன் செய்கிறான். "இதுக்கு நீங்க அந்த ஆளைத் திட்டிக்கிட்டே இருந்திருக்கலாம்" என்கிறாள் உன் அம்மா.

அவனுக்கு மனசு லேசாகிவிட்டது. அதைக் கேட்டுக் கேட்டு எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. பால் காய்ச்சுவதற்கு இரண்டு நாள் முன்பே வருகிறோம். நான் பேசுகிறேன். நீ உட்கார்ந்து கேள்.

அப்பா
பொன்னுசாமி