பத்துக்கு மூன்று

மார்ச் 4

அன்பு மகளுக்கு,

போனில் பேசினால் நான் மேலாளரைத் திட்ட ஆரம்பித்துவிடுகிறேன் என்று, நேர்காணல் பதில்களை எழுதி அனுப்பச் சொன்னாய். எழுதிவிட்டேன். 'பழைய வேலையை ஏன் விட்டீர்கள்?' என்ற கேள்விக்கு ஆறு பக்கம் வந்திருக்கிறது. பம்பு தொழிற்சாலையில் இருபத்திமூன்று வருடம் தரப் பரிசோதகராக இருந்தவனை, அவனிடமே மைக்ரோமீட்டர் பிடித்து அளவெடுக்கக் கற்றுக்கொண்ட ஒருவன் மேலாளராகி வீட்டுக்கு அனுப்பினான் என்றால், ஆறு பக்கம் அதிகமில்லை.

ஐம்பத்திரண்டு வயதில் நேர்காணலுக்குப் படிக்கிறேன், அதுவும் பெற்ற மகளிடம். உன் அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அன்புடன்,
அப்பா

மார்ச் 9

அன்புள்ள அப்பா,

ஆறு பக்கமும் படித்தேன். சிவப்பு மையில் அடித்ததுபோக மிஞ்சியது இதுதான்: 'ஆட்குறைப்பு செய்தார்கள். என் வேலையில் குறை சொல்லவில்லை.' இதைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். இங்கே ஆள் எடுக்கும் பிரிவில் தினமும் பார்க்கிறேன்; பழைய இடத்தைத் திட்டுகிறவரை யாரும் எடுப்பதில்லை. நீங்கள் எழுதியது அத்தனையும் நியாயம்தான். அதனால்தான் பயமாக இருக்கிறது.

அடுத்த கேள்வி: வேலையில் நீங்கள் செய்த ஒரு தவறு. 'தவறே செய்ததில்லை' என்று எழுதினால் கவரைத் திருப்பி அனுப்புவேன்.

அன்பு மகள்

மார்ச் 15

மகளுக்கு,

மூன்று நாள் யோசித்தேன். அளவெடுப்பதில் நான் தவறியதில்லை. ஆனால் ஒன்று இருக்கிறது.

ஆறு வருடத்துக்கு முன் எங்கள் தொழிற்சாலைக்குப் பயிற்சிப் பொறியாளர்கள் எடுத்தார்கள். வந்தவர்களில் என் மகளும் ஒருத்தி. பணியாளர் பிரிவுக்காரர் என்னை அன்றைக்கு விலகியிருக்கச் சொன்னார். "எனக்கு எல்லாரும் ஒண்ணுதான் சார்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டுத் தேர்வுக்குழுவில் உட்கார்ந்தேன். மற்றவர்களிடம் கேட்காத கேள்விகளை அவளிடம் கேட்டேன். பாதிக்கு மேல் சரியாகவே சொன்னாள். பத்துக்கு மூன்று போட்டேன். மகளுக்குச் சலுகை காட்டினான் என்று ஒருவரும் வாய் திறக்கக்கூடாது, அதுதான் என் கவலை.

அந்த வாரமே அவள் வெளியூருக்குப் போய்விட்டாள். திமிர் பிடித்தவள் என்று இத்தனை வருடமாகச் சொல்லிவருகிறேன். ஏழு போட்டிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அப்பா

மார்ச் 20

அன்புள்ள அப்பா,

இந்தப் பதிலை அங்கே சொல்ல வேண்டாம். அவர்களுக்கு வேறு ஏதாவது யோசியுங்கள். இதை நான் வைத்துக்கொள்கிறேன்.

ஏழா? குறைந்தது எட்டு வரும். அன்றைக்கு அழுதுகொண்டே எண்ணிப் பார்த்தேன்.

நல்லபடியாகப் போய்வாருங்கள்.

உங்கள் மகள்

ஏப்ரல் 2

அன்பு மகளுக்கு,

தண்ணீர் மீட்டர் செய்யும் சின்ன நிறுவனம். ஏன் விட்டீர்கள் என்றார்கள். உன் இரண்டு வாக்கியத்தைச் சொல்லி வாயை மூடிக்கொண்டேன். மூடியதில் பல்லே வலித்தது.

கேள்வி கேட்டவர்களில் தரப் பிரிவின் தலைவிக்கு உன் வயதுதான் இருக்கும். "உங்களைவிடச் சின்னவங்க தப்புன்னு சொன்னா ஏத்துக்குவீங்களா சார்?" என்றாள்.

"ஒரு மாசமா அதைத்தாம்மா பழகிட்டிருக்கேன்" என்றேன்.

திங்கட்கிழமை சேரச் சொல்லியிருக்கிறார்கள். அந்த மேலாளர்மேல் கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது. அதை வெளியில் சொல்ல மாட்டேன், உன்னிடம் சொல்வேன்.

ஒருமுறை வீட்டுக்கு வா. அம்மா கூப்பிடுகிறாள் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். இல்லை, நான்தான் கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா