உன் பெரியப்பாவைக் காலைப் பிடிக்க வைத்தேன்

என் பெரியவளுக்கு அம்மா எழுதுவது. இங்கே உன் அப்பா நன்றாக இருக்கிறார், உன் தம்பி நாளுக்கு நாள் தேறி வருகிறான், தட்டில் வைத்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிறான். எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, வயிற்றெரிச்சல் ஒன்றுதான், அதற்கும் மருந்து கண்டுபிடித்துவிட்டேன், அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அந்தக் குளிரில் எப்படி இருக்கிறீர்கள், குட்டிக்குச் சளி விட்டதா. போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில் உன் குரலைக் கேட்டதும் எனக்கு அழுகை வருகிறது, நீயும் அழுகிறாய், அழுது முடிப்பதற்குள் யாராவது வந்து நின்றுவிடுகிறார்கள். எழுதினால்தான் நிம்மதியாகத் திட்ட முடிகிறது.

தம்பிக்கு ஆபரேஷன் முடிந்தது, நல்லபடியாக இருக்கிறான் என்று மட்டும்தான் அன்றைக்குச் சொன்னேன். அதற்கு முன்னால் நடந்ததை நீ கல்யாணமாகிப் போனதால் பார்க்கவில்லை. உன் பெரியப்பா கடையில் தம்பியைச் சேர்த்தபோது ரொம்பச் சந்தோஷப்பட்டோம், சொந்தக் கடை மாதிரி, அப்பாவும் அங்கேதான் சாமான் அனுப்பும் வேலை பார்க்கிறார், கண் பார்வையிலேயே இருப்பான் என்று. மரச்சாமான் கடையில் வேலை என்றால் தூக்குவதுதான். அலமாரி, கட்டில், சாப்பாட்டு மேசை எல்லாவற்றையும் மாடி மாடியாக ஏற்ற வேண்டும். இரண்டாவது மாடி வந்ததும் இவனுக்குக் கால் மரத்துப்போய்க் கெண்டைச்சதை இறுக்கிக்கொள்ளும், படியில் உட்கார்ந்துவிடுவான். தலைவலி வேறு, திடீர் திடீரென்று மூக்கில் ரத்தம். ஒருநாள் புது சோபா மேல் ரத்தம் சொட்டியதற்கு உன் பெரியப்பா, பையனுக்கு என்ன ஆச்சு என்று கேட்கவில்லை, துணிக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். (அவர் என்று எழுதுவது உன் அப்பாவுக்காக.) அதோடு விட்டாரா? கடை வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு, "மகாராஜா இங்கே உட்காரட்டும், மத்தவங்க வேலை செய்யட்டும்" என்று நாள் முழுக்க அதில் உட்கார வைத்தார். வருகிற வாடிக்கையாளர்களிடம் எல்லாம், "இது விற்பனைக்கு இல்லைங்க, சும்மா உட்கார்றதுக்குன்னே ஒருத்தனை வெச்சிருக்கோம்" என்று சிரிப்பு. நல்ல இடத்துப் பெண்ணுக்கு இவனைப் பார்க்க வந்தபோதும் இவர் வாய்தான் குறுக்கே விழுந்தது, "நாலு படி ஏற மாட்டான், யோசிச்சுக்குங்க" என்று பெண்ணின் மாமனிடம் சொல்லி அனுப்பிவிட்டார். உன் அப்பா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி நின்றார். அண்ணன் எதிரில் அவர் என்றைக்குத்தான் பேசியிருக்கிறார்?

கடைசியில் எங்கள் கண்ணைத் திறந்தது ஒரு சொத்தைப் பல். பிடுங்கப் போனவனுக்குப் பல் டாக்டர் பிரஷர் பார்த்துவிட்டு, இந்த பிரஷரோடு பல்லில் கை வைக்க மாட்டேன் என்று பெரிய ஆஸ்பத்திரிக்குத் துரத்திவிட்டார். அங்கே ஒரு டாக்டரம்மா, உன் வயதுதான் இருக்கும், ஒரு கையால் இவன் மணிக்கட்டையும் இன்னொரு கையால் பாதத்தையும் பிடித்து மாற்றி மாற்றி அழுத்திப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "அம்மா, கையில நாடி துள்ளுது, காலில இருக்கான்னே தெரியலை" என்றார். ஸ்கேன் எடுத்தால், இதயத்திலிருந்து கீழே இறங்குகிற பெரிய ரத்தக்குழாய் ஓரிடத்தில் கயிற்றால் இறுக்கிக் கட்டிய மாதிரி சுருங்கிக் கிடக்கிறது. பிறவியிலேயே இருந்திருக்கிறது. தலைக்கும் கைக்கும் ரத்தம் மோதிக்கொண்டு போயிருக்கிறது, காலுக்குக் கசிந்துதான் போயிருக்கிறது. நேர்வழி அடைபட்டதால் பக்கத்துச் சின்னக் குழாய்கள் வழியே ரத்தம் சுற்றிச் சுற்றிப் போய், அந்தக் குழாய்கள் தடித்து, விலா எலும்பில் குழி குழியாக அரித்து வைத்திருக்கின்றன. படத்தில் எனக்கே காட்டினார்கள். எலும்பு தேயத் தேய அலமாரி தூக்கியிருக்கிறான் என் பிள்ளை, இவனைத்தான் உன் பெரியப்பா சோம்பேறி என்றார். அன்றைக்கே மனசில் முடிச்சுப் போட்டுவிட்டேன், இதற்குப் பதில் சொல்லாமல் விட மாட்டேன் என்று.

தொடை வழியாக ஸ்டென்ட் வைத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஆனால் சுருங்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே குழாய் மெலிந்து உப்பியிருந்தது, அதனால் திறந்துதான் செய்ய வேண்டும் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். இடது பக்கம் தோள்பட்டைக்குக் கீழே வெட்டி, விலாவுக்கு நடுவே போய், கெட்ட துண்டை எடுத்துவிட்டுத் துணியில் நெய்த குழாயை வைத்துத் தைப்பார்களாம். தைக்கும்போது ரத்தத்தை நிறுத்திவைக்க வேண்டும், தண்டுவடத்துக்கு ரத்தம் குறைந்து அபூர்வமாகக் கால் செயலிழந்தும் போகலாம் என்று சொல்லிக் கையெழுத்து கேட்டார். உன் அப்பா பேனாவை என் பக்கம் நீட்டினார், நான் போட்டேன். உள்ளே கொண்டுபோன பிறகு எல்லோரும் கடவுளைக் கூப்பிட்டார்கள். நான் உன் பெரியப்பாவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், கோபம்தான் என்னை நிமிர்த்தி உட்கார வைத்தது, இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி நாற்காலியிலேயே சரிந்திருப்பேன். மயக்கம் தெளிந்ததும் நர்ஸ் கால்விரலை அசைக்கச் சொன்னாராம், பத்தையும் அசைத்திருக்கிறான். குரல் மட்டும் கம்மிவிட்டது, அந்தப் பக்கமாகப் போகிற நரம்பு கொஞ்சம் இழுபட்டதால் அப்படி, மெதுவாகச் சரியாகும் என்கிறார்கள். பிரஷர் மாத்திரை இன்னும் உண்டு, கனம் தூக்கக் கூடாது.

ஆஸ்பத்திரிப் பக்கமே வராத மனுஷர், நாங்கள் வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் வந்தார். உன் பெரியம்மாவோடு, கடை ஆட்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு, முதலாளி எவ்வளவு பெரிய மனசுக்காரர் என்று அவர்கள் பார்க்க வேண்டாமா? ஆப்பிள் பையை மேசையில் வைத்துவிட்டு உட்காரக்கூட இல்லை, "சின்ன வயசுலயே நல்லா ஓட விட்டிருந்தா இந்த அடைப்பெல்லாம் வந்திருக்குமா? செல்லம் கொடுத்தே கெடுத்துட்டீங்க" என்று ஆரம்பித்தார். எனக்கு உள்ளே கொதித்தது. ஆனால் வெளியே தேன் ஒழுகப் பேசினேன். "மாமா, தினமும் இவன் பாதத்துல நாடி பார்க்கச் சொல்லியிருக்காங்க, என் விரலுக்குச் சரியா தெரியலை. பெரியவர் நீங்க, ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்களேன்" என்றேன். ஆட்கள் எதிரில் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? தம்பி கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தான். கட்டிலோ தாழ்வான கட்டில், அவர் கடையில் விற்காமல் கிடந்து நம் தலையில் கட்டினாரே, அதேதான். குனிந்து பார்த்தார், எட்டவில்லை. முட்டி போட்டார். நான் வேண்டுமென்றே தப்பான இடத்தைக் காட்டினேன். "அங்கே இல்லை மாமா, இன்னும் கீழே. ரெண்டு கையாலயும் பிடிங்க. இன்னும் கொஞ்சம் குனிங்க." நெற்றி பாதத்தில் இடிக்கிற அளவுக்குக் கொண்டுவந்துவிட்டேன். உன் தம்பி கம்மிய குரலில், "கிடைச்சுதா பெரியப்பா?" என்று கேட்டானே பார், கடை ஆட்களில் பாலிஷ் போடுகிறவர் இருமுகிற மாதிரி திரும்பிக்கொண்டார். அப்புறம்தான் சரியான இடத்தில் அவர் விரலை வைத்து அழுத்தினேன். துடிப்பு பட்டதும் சட்டென்று முகம் மாறியது. "இந்தத் துடிப்பு இத்தனை வருஷமா இந்தக் காலில இல்லை மாமா. இந்தக் காலை வெச்சுக்கிட்டுத்தான் உங்க கட்டிலைச் சுமந்தான். இவனைத்தான் வாசல்ல உட்கார வெச்சு ஊர் சிரிக்க வெச்சீங்க. இப்ப எல்லாரும் பார்க்க அதே காலைப் பிடிச்சிருக்கீங்க, எனக்கு இது போதும்" என்றேன்.

துள்ளி எழுந்தார். "என்னை அவன் காலைப் பிடிக்க வெச்சிட்டியா? உன் பொண்டாட்டிக்கு எவ்வளவு திமிர்டா!" என்று உன் அப்பா பக்கம் பாய்ந்தார். உன் அப்பா ஜன்னல் பக்கம் நின்றிருந்தார். வழக்கம்போலத் தரையைப் பார்ப்பார் என்றுதான் நினைத்தேன். நேராக வந்து மேசை மேலிருந்த ஆப்பிள் பையை எடுத்து அண்ணன் கையில் கொடுத்து, "நீ கிளம்பு" என்றார். நீ என்றார்! பிறந்ததிலிருந்து நீங்க என்று பேசின வாய். மறுநாளிலிருந்து கடைக்கும் போகவில்லை. நாற்காலி பழுது பார்க்கிற வேலையை வீட்டின் பின்கட்டில் தொடங்கியிருக்கிறார், தம்பி பக்கத்தில் உட்கார்ந்து பிரம்பு பின்னுகிறான், உட்கார்ந்து செய்கிற வேலை அவனுக்கு நன்றாகவே வருகிறது. கடையில் இப்போது முதலாளி கீழே விழுந்த எதையாவது குனிந்து எடுத்தால் யாராவது மெல்ல, கிடைச்சுதா என்கிறார்களாம். அதைக் கேட்கிற நாளெல்லாம் எனக்கு நல்ல தூக்கம்.

இனி உனக்குச் சொல்ல வேண்டியது. டாக்டரம்மா கூடப் பிறந்தவர்களையும் பார்த்துவிடச் சொன்னார். கையில் மட்டும் பிரஷர் பார்த்து அனுப்பினால் வந்துவிடாதே, காலிலும் பார்க்கச் சொல், இதயத்துக்கு ஒரு ஸ்கேனும் எடுத்துவிடு, குட்டியையும் காட்டு. வேலை இருக்கிறது, அப்புறம் பார்க்கலாம் என்ற பேச்செல்லாம் வேண்டாம். மாப்பிள்ளையிடம் நானே பேசுவேன்.

இன்னொன்று. போன வாரம் உன் பெரியம்மா தனியாக வந்தாள். என்னை மன்னிப்புக் கேட்க வைக்க வந்திருக்கிறாள் என்று நினைத்து வாசலிலேயே நிறுத்தினேன். அவள் மெதுவாகச் சொன்னாள், அன்றைக்குப் பிறகு உன் பெரியப்பா குளித்துவிட்டு வந்ததும் காலை மடியில் வைத்துக்கொண்டு தடவித் தடவிப் பார்க்கிறாராம், தன் காலில் நாடி கிடைக்கவில்லையாம். டாக்டரிடம் போகவும் பயம், யாரிடமாவது கேட்கவும் வெட்கம். "எந்த இடத்துல பார்க்கணும்னு மட்டும் சொல்லேன்" என்று என் கையைப் பிடித்தாள். எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். அவள் போகிறவரை பார்த்துக்கொண்டுதான் நின்றேன், கூப்பிடவில்லை. உன் தம்பிக்குத் தெரிந்து என்னோடு ஒரு வேளை பேசாமல் இருந்தான். அவர் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லையடி, ஆனால் பயம் என்றால் என்னவென்று தெரியட்டும். நான் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று அவருக்குத் தெரியும், அதனால் உனக்குத்தான் போன் செய்வார். உனக்கு அவர் மேல் இரக்கம் வந்தால், பெருவிரலுக்கு நேரே பாதத்தின் மேட்டில்தான் அந்த இடம், பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் போகட்டும் என்று சொல்லு, நான் தடுக்கவில்லை.

மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நன்றாக இருங்கள், குட்டிக்கு என் முத்தம். பெரியப்பாவுக்கு மட்டும் அந்த இடத்தை ஒரு வாரம் கழித்துச் சொல்லு.

உன்
அம்மா