முனியறையில் பிறந்தவளுக்குத் தை மாதம் கல்யாணம்

மலைமேல் என்னைத் தாங்கிப் பிடித்த மதினிக்கு,

என் மகள் முனியம்மாவுக்குத் தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளைக்குத் தேவிகுளம் பக்கம் எஸ்டேட் வேலை. நீ கண்ணை மூடி இரண்டு வருடமாகிறது. நல்ல சேதி வந்தால் இன்னமும் உன் வீட்டுப் பக்கம்தான் கால் போகிறது.

இது நின்றுபோக இருந்த கல்யாணம், மதினி.

நம் மறையூர்ப் பாறைமேல் இருக்கும் முனியறைகளைப் பார்க்கப் பட்டணத்திலிருந்து படித்தவர் ஒருவர் வந்தார். பலகைக் கற்களை நிறுத்தி மேலே பெருங்கல் மூடிய அந்த அறைகளில் முனிவர்கள் தவம் இருந்தார்கள் என்றுதானே நாம் கும்பிட்டு வந்தோம்? அவரோ, அவை ஏதோ ஒரு பழங்காலத்தில் செத்தவர்களுக்குக் கட்டியவை என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பேச்சு பஸ் ஏறித் தேவிகுளம் போய்ச் சேர்ந்தது. "பொதகுழியில பெறந்த பிள்ளையவா எடுக்கப் போறோம்?" என்று மாப்பிள்ளையின் அம்மா ஆள் விட்டுக் கேட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எடத்த வந்து பாத்துட்டுப் பேசச் சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பினேன்.

வந்தார். முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டே என்னோடும் முனியம்மாவோடும் பாறை ஏறினார். மேலே போனதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். கீழே கரும்புத் தோட்டம், வெல்லம் காய்ச்சும் கொட்டகைப் புகை, அந்தப் பக்கம் சந்தனக் காடு, தூரத்தில் வெள்ளையாய் இறங்கும் தூவானம் அருவி. நடுவே அந்தக் கற்கள். தினமும் அதைப் பார்த்து வளர்ந்த எனக்கே அன்று உடம்பு சிலிர்த்தது.

முனியம்மா பிறந்த அந்த ஐப்பசி மழையை அவரிடம் சொன்னேன். புல்லறுக்கப் போன இடத்தில் எனக்கு வலி கண்டதையும், முனியறைக்குள் நுழைய நான் பயந்து அழுததையும் சொன்னேன். "உள்ள வா புள்ள. சாமி கோவிச்சா நான் பேசிக்கிறேன்" என்று நீ என்னை இழுத்துப் போனாயே, அதைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. வெளியே மலையே கரைந்துவிடும்போல மழை. எங்கள்மேல் ஒரு சொட்டு விழவில்லை. வலியிலும் நான் அந்த மூடுகல்லையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். யார் தூக்கி வைத்திருப்பார்கள், மதினி? எப்படித் தூக்கியிருப்பார்கள்?

அந்த அம்மா குனிந்து உள்ளே போனார். கல்லில் கை வைத்தபடி உட்கார்ந்தார்.

"எனக்கு மூத்தது லயத்துல பெறந்துச்சு. டாக்டர் வர்றதுக்குள்ள போயிருச்சு" என்றார். எஸ்டேட்டில் அவர்கள் குடியிருக்கும் வரிசை வீட்டைச் சொன்னார். பிறகு முனியம்மாவைப் பக்கத்தில் கூப்பிட்டுத் தலையைத் தடவினார். "இந்தக் கல்லு உசுரோட குடுத்த பிள்ளைய நான் வேணாம்பேனா? தையிலயே வச்சுக்குவோம்."

அது முனிவர் இருந்த இடமோ, செத்தவர் இருந்த இடமோ, எனக்குத் தெரியாது. எனக்கு அது நீ இருந்த இடம். தாலி ஏறிய மறுநாள் பொண்ணையும் மாப்பிள்ளையையும் அங்கே கூட்டிப் போய், முதல் வெற்றிலை பாக்கை உன் பேர் சொல்லி வைப்பேன். சாமி கோபித்தால் நீ பேசிக்கொள்.

உன் நாத்தனார்,
பேச்சியம்மாள்