கல்லறைக்குப் போன பந்து

மாப்ளே, வரி மேலும் கீழும் போவதைப் பொறுத்துக்கொள். இரண்டு வரிக்கு அரை மணி நேரம் ஆகிறது, விரலும் வலிக்கிறது. ஆனாலும் எழுதுவது நானேதான்! எண்பது வயதில் தங்கச்சிமடத்து மாலை வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டேன். நீ கண்ணை மூடி மூன்று வருடம் ஆகிறது. இருந்திருந்தால் நம்பியிருக்கமாட்டாய்.

இன்று காலை கரையில் பேரன் வள்ளத்துக்குச் சுறா எண்ணெய் பூசிக்கொண்டிருந்தான். அந்த வாடை மூக்கில் ஏறியதும் நம் விடுதிப் பள்ளியின் பந்து நினைவுக்கு வந்துவிட்டது.

பாம்பன் பாலத்தைப் புயல் உடைப்பதற்குச் சில வருடம் முந்தி அது. நீ அபிராமத்து விவசாயி வீட்டுப் பிள்ளை, கால்பந்து அணியின் கேப்டன். நான் கோல்கீப்பர். எனக்குப் படிப்பு ஏறவில்லை, எழுத்துக்கூட்டக்கூட வரவில்லை. கோல் காப்பதற்காகவே வார்டன் சாமியார் என்னை வைத்திருந்தார். அணி கலைந்தால் நான் மூட்டையைக் கட்டிக்கொண்டு, மீன் பிடிக்க என் அய்யாவின் வள்ளத்துக்குப் போக வேண்டியதுதான். எனக்கோ விடுதியை விட்டுப் போக மனமில்லை.

புதுத் தோல் பந்து வந்ததும் அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை எனக்குக் கொடுத்தார்கள். உப்புக் காற்றில் தோல் வெடித்துவிடுமே என்று, அய்யா வள்ளத்துப் பலகைக்குப் பூசுகிறமாதிரி சுறா எண்ணெய் பூசி, வராந்தாவில் ஓலைப்பெட்டிக்குள் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் காலை பெட்டி காலி. மைதானத்துக்கு அப்பால் கல்லறைத் தோட்டத்தில், முன்பு விடுதியில் காய்ச்சலில் செத்துப்போன ஒரு பையனின் கல்லறை மேல் பந்து கிடந்தது. மூன்று நாள் இதே கதை. தோலில் கீறல் வேறு.

"நகம் பட்ட தடம்லே. செத்தவன் வெளாட வாரான்" என்று பையன்கள் பேசிக்கொண்டார்கள். ஒருவனும் மைதானத்தில் கால் வைக்கவில்லை.

சாமியார் கறாராகச் சொல்லிவிட்டார்: "சனிக்கெழம ராமநாதபுரத்துல மேட்ச். அன்னைக்கும் பயந்துகிட்டு நின்னா, டீமே கெடையாது."

நீ மட்டும் பயப்படவில்லை. வியாழக்கிழமை பொழுது சாய்கிற நேரம் என்னை இழுத்துக்கொண்டு போய் வராந்தாச் சுவரின் பின்னால் உட்கார்ந்தாய். கொஞ்ச நேரத்தில் ஒரு நரி வந்தது. பெட்டிக்குள் மூக்கை விட்டது. பந்தைத் தையல் கயிற்றோடு கவ்விக்கொண்டு கல்லறைத் தோட்டத்துப் பக்கம் ஓடியது.

"ஏலே, நம்ம பேய்க்கு வாலு இருக்குடா!"

துரத்திப் போய்ப் பந்தைப் பிடுங்கினோம். உன் கையை முகர்ந்து பார்த்தாய். "என்னத்தடா தடவுன?"

"சுறா எண்ணெ."

"கருவாட்டு மூஞ்சிப் பயலே! நரிக்கு விருந்துல்ல வச்சிருக்க!"

வெளியே சொல்லாதே, சாமியார் அனுப்பிவிடுவார் என்று உன் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். நீ பந்தைச் சீயக்காய் போட்டுத் தேய்த்து, உன் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டாய். பையன்களிடம் நரி என்று மட்டும் சொன்னாய். "நரி எதுக்குடா பந்தத் தூக்குது?" என்று மடக்கினார்கள். பதில் தெரிந்தும் நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவர்களும் நம்பவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் பார்த்தால், பூட்டி வைத்த பந்து மறுபடியும் அதே கல்லறை மேல்.

எல்லோரும் மைதான ஓரத்திலேயே நின்றுவிட்டார்கள். நீ நேரே போய்ப் பந்தை எடுத்தாய். "வெளாடக் கூப்புடுறான். யாரு பக்கம்னு நெனைக்கிறீக? நம்ம விடுதிப் பய, நம்ம பக்கந்தான் நிப்பான். வாங்கலே, ரயிலுக்கு நேரமாச்சு."

வந்தார்கள். இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தோம். அணி கலையவில்லை. எனக்கு இன்னும் இரண்டு வருடம் விடுதிச் சோறு கிடைத்தது.

திரும்பும் ரயிலில் உன் காதருகே கேட்டேன்: "பந்தக் கொண்டுபோய் வச்சது நீதானே?"

"வெளாடாதடா. சாவிய உருவுனது நீதானே?"

"மாதாமேல சத்தியமா நான் இல்ல."

"அப்ப நானும் இல்ல" என்றாய். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

கடைசிவரை அதே பதில்தான் சொன்னாய். எனக்காகத்தான் வைத்திருப்பாய் என்று பல நாள் நினைப்பேன். சில நாள் அப்படி நினைக்க முடிவதில்லை. அதனால் கல்லறைத் திருநாள்தோறும் அந்தப் பையனின் கல்லறைக்குப் போய் உனக்குச் சொல்லாமல் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவந்திருக்கிறேன். அன்று பயத்தில் பையன்கள் யாரும் அவன் பேரைச் சொன்னதில்லை. கல்லில் வெட்டியிருக்கிறது, எனக்குத்தான் இதுவரை வாசிக்கத் தெரியவில்லை. யாரிடமும் கேட்க வெட்கம்.

வரும் ஞாயிறு பூசை முடிந்ததும் அங்கே போக பஸ் ஏறுகிறேன். எழுத்துக்கூட்டி வாசித்து, அவன் பேரை அடுத்த வாரக் கடிதத்தில் உனக்கு எழுதுகிறேன்.