பெயர் சொல்லி எழுப்புதல்

12.4.88
முழு ஆண்டுத் தேர்வு நடக்கிறது. ஓவியத்துக்குத் தேர்வு கிடையாது. அதனால் ஓவிய டீச்சரான எனக்கு மூன்று மணி நேரம் மேற்பார்வை. திண்டிவனத்து வெயிலில் பெண்கள் புவியியல் எழுதுகிறார்கள்.

அப்பாதுரை கடிதம் போட்டிருக்கிறான். கல்லூரியில் என்னோடு படித்தவன். ஜூனில் சென்னையில் ஆறு பேர் சேர்ந்து கண்காட்சி. போரின் படங்கள். என்னிடம் மூன்று கேட்கிறான். இரண்டு முடிந்துவிட்டன. இரண்டுமே செய்தித்தாள் புகைப்படங்களைக் கட்டம் போட்டுப் பெரிதாக்கியவை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் செத்தவன் இல்லை, புள்ளிகள்தான். புள்ளிகளை ஒழுங்காக வரைந்திருக்கிறேன்.

அண்ணன் வந்து இரண்டு நாள். அமைதிப்படை லீவில், யாழ்ப்பாணத்திலிருந்து நேராக. தூங்குகிறான், சாப்பிடுகிறான், மாட்டைக் குளிப்பாட்டுகிறான்.

14.4.88
அம்மா கேட்டாள், "அங்க தமிழ் தான பேசறாங்க?" அண்ணன் எழுந்து கை கழுவப் போய்விட்டான்.

19.4.88
இன்று என் அறைக்கு வந்தான். இரண்டாவது படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றான்.

"இவன் தூங்கறான்."

"செத்துட்டான் அண்ணா. பேப்பர்ல போட்டிருந்தது."

"பேப்பர்ல செத்துட்டான். நீ தூங்க வெச்சிருக்க. கைய பாரு, தலைக்கு முட்டுக் குடுத்த மாதிரி."

கோபம் வந்தது. அவன் சொன்னது சரி என்பதால். அப்படியானால் எப்படி என்று படுத்துக் காட்டு என்றேன்.

"படுக்கறதுக்குப் பட்டாளத்துல சம்பளம் குடுக்கறான். நீ இன்னா குடுப்ப?"

"டீ."

"ரெண்டு டீ."

21.4.88
மல்லாட்டைக் கடலை பிடுங்கிய நிலத்தில் படுத்தான். ஒருக்களித்து, முகம் மண்ணில். ஒரு கால் மடங்கி, செருப்பு பாதி கழன்று. இடது கை மட்டும் நெஞ்சுக்கு அடியில். சட்டைப் பொத்தானைப் பிடித்தபடி. எந்தப் புகைப்படத்திலும் நான் பார்க்காத கை அது.

நாற்பது நிமிடம் வரைந்தேன். என் வாழ்நாளில் இப்படி வரைந்ததில்லை.

"போதும் அண்ணா, எழுந்திரு."

எழவில்லை. விளையாட்டென்று நினைத்தேன். மூச்சு வருகிறதா என்று முதுகைப் பார்த்தேன். வந்தது. மறுபடி கூப்பிட்டேன். அம்மா கூழ்ச் சட்டியோடு வரப்பில் வந்துகொண்டிருந்தாள். சட்டியைப் பத்திரமாகக் கீழே வைத்தாள். அவ்வளவு நிதானமாக அவள் எதையும் வைத்து நான் பார்த்ததில்லை.

"யாருடி இவனப் படுக்க வெச்சது?"

"நான்தான். படத்துக்கு."

"எழுப்புனியா?"

அதற்குள் அண்ணனே எழுந்துவிட்டான். மண்ணைத் தட்டிக்கொண்டு, இரண்டு டீ என்றான். அம்மா சிரிக்கவில்லை.

22.4.88
விஷயம் இதுதான். எங்கள் ஊர்த் திரௌபதி அம்மன் திருவிழாவில் பதினெட்டாம் போர் அன்று படுகளம். களிமண்ணில் துரியோதனன் கிடப்பான். அவனைச் சுற்றி வேண்டுதல்காரர்கள் செத்தவர்களாக விழுந்து கிடப்பார்கள், மேலே வெள்ளைத் துணி. அவரவர் வீட்டாள் மஞ்சள் தண்ணீர் தெளித்துப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். 'வந்துட்டேன்' என்று சொல்லி எழ வேண்டும். எழுப்பாமல் தானாக எழுந்தவன் பாதிதான் எழுந்தவன் என்பார்கள்.

"கூப்பிட்டேனேம்மா. அண்ணான்னு ரெண்டு தரம்."

"அண்ணான்றது பேரா? ஊருல நூறு அண்ணன். படுக்க வெச்சவ நீ. நீதான் பேரச் சொல்லி எழுப்பணும்."

எனக்கு இருபத்தாறு வயது. பேராசிரியர்களைப் பெயர் சொல்லித்தான் விமர்சிப்பேன். மூத்தவனின் பெயரை ஒரு நாளும் சொன்னதில்லை. ரேஷன் கார்டுக்குக்கூட அம்மாதான் சொன்னாள். சாயங்காலம் கிணற்றடியில் தனியாகச் சொல்லிப் பார்த்தேன். தாண் — அதற்கு மேல் வரவில்லை. மாடு திரும்பிப் பார்த்தது.

30.4.88
படம் முடிகிறது. மூன்று அடிக்கு ஐந்து அடி. முகம் தெரியாத உடல்.

இன்று அதன் முன்னால் உட்கார்ந்துகொண்டு அவனாகவே சொன்னான். நான் தூரிகையை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவனும் நிறுத்திவிடுவான்.

"எனக்கு அங்க கூப்பிடற வேல. எங்க செட்டுல தமிழ் நான் ஒருத்தன்தான். விசாரிக்கணும்னு சீட்டுல பேரு எழுதிக் குடுப்பாங்க. சந்து முனையில நின்னுக்கினு கூப்பிடுவேன். மத்தவன் கூப்பிட்டா கதவு தொறக்காது. நான் கூப்பிட்டா தொறக்கும்."

"ம்."

"ஒரு பெரியவரு. ஐயா, வெளிய வாங்க, பயப்படாதீங்கன்னேன். மரியாதையா கூப்பிட்டனா, சட்டைப் பொத்தான மாட்டிக்கினே வந்தாரு. மரியாதைக்கு. அப்பப் பாத்து ரெண்டு பக்கமும் சுட ஆரம்பிச்சிட்டான். எந்தப் பக்கத்துக் குண்டுன்னு தெரியாது."

படத்திலிருந்த கையைக் காட்டினான்: "அவரு விழுந்ததத்தான் உனக்குப் படுத்துக் காட்டுனேன்."

1.5.88
பொத்தான். நான் அதை வடிவமாகப் பார்த்தேன். முக்கோணத்தின் உச்சி.

3.5.88
அப்பாதுரை வந்தான், படங்களைப் பார்க்க. மூன்றாவதின் முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான். "நடுச்சுவருல இதுதான். பேரு 'படுகளம்'னு வெச்சுரு." நல்ல படம் என்று எனக்கும் தெரியும். என்னுடையதுதானா என்பதுதான் தெரியவில்லை. அந்தக் கிழவர் செத்ததை அண்ணன் சுமந்து வந்தான். அதை அவனிடமிருந்து இரண்டு டீக்கு வாங்கினேன்.

10.5.88
கேட்டுவிட்டேன். மெட்ராஸுக்கு அனுப்பட்டுமா?

"அங்க இன்னா பண்ணுவாங்க?"

"நின்னு பாப்பாங்க."

"அப்பறம்?"

"அடுத்த படத்துக்குப் போவாங்க."

"எழுப்ப மாட்டாங்களா?"

கிண்டல் செய்கிறான் என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

17.5.88
நாளை லீவு முடிகிறது. படுகளம் 29ஆம் தேதி. பதினோரு நாள் லீவு நீட்டிக்கச் சொல்லித் தந்தி கொடு என்றாள் அம்மா. "துரியோதனன் சாவறதுக்கு லீவு தர மாட்டாம்மா" என்றான். அம்மா என்னைப் பார்த்தாள். நான் மேஜையைத் துடைத்தேன். அது சுத்தமாகத்தான் இருந்தது.

18.5.88
திண்டிவனம் ஸ்டேஷன். வண்டி ஒன்றரை மணி நேரம் தாமதம். பெஞ்சில் படுத்து முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டான். வெள்ளைத் துண்டு. ஒரு கால் மடங்கி. இடது கை நெஞ்சில்.

தூரத்தில் ஊதல் கேட்டது. "எழுப்புடி" என்றாள் அம்மா.

எவ்வளவு ஜனம். வெட்கமாக இருந்தது. இவன் எழாமலே போய்விட்டால்? அங்கே போய் விழுந்தால், யார் இவன் பெயரை —

"தாண்டவராயா!"

என் குரலா அது? போர்ட்டர் திரும்பினான். அண்ணன் தூக்கிவாரிப் போட்டு எழுந்தான். வலது கை பெஞ்சைத் துழாவியது, துப்பாக்கிக்கு. பிறகு என்னைப் பார்த்தான். கை நின்றது.

"யாருடி இது, மேஜர் மாதிரி கூப்பிடறவ?"

"பதில் சொல்லுடா" என்றாள் அம்மா.

"வர்றேன்."

"வந்துட்டேன்னு சொல்லணும்."

"இன்னும் வரலியேம்மா. போய்ட்டுத்தான வரணும்."

வண்டியில் ஏறும்போது என் தலையில் குட்டினான். சின்ன வயதில் குட்டிய அதே இடம்.

29.5.88
படுகளம். பதினேழு பேர் விழுந்தார்கள். பதினேழு பேரும் எழுந்தார்கள். குறிப்பு எடுக்க நோட்டு கொண்டுபோயிருந்தேன். எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து அண்ணனுக்கு எழுதினேன். ஒரே கேள்வி: அந்தப் பெரியவருக்கான சீட்டில் என்ன பெயர் எழுதியிருந்தது?

14.6.88
அண்ணன் கடிதம். சோறு பரவாயில்லையாம். மழையாம். மாட்டுக்குக் குளம்பு பார்க்கச் சொல்கிறான். அடியில், கோடு போட்டு, தனியாக: கனகசபை.

15.6.88
மதியம் லாரி வரும். மூன்றாவது படத்தைத் தரையில் கிடத்திச் சாக்கு சுற்ற உட்கார்ந்தேன். பின்பக்கம் பெயரை எழுதினேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது.

"இன்னா எழுதற? அண்ணன் பேரா?"

"இது அண்ணன் இல்லம்மா."

சொன்னேன். சந்து, ஐயா என்று கூப்பிட்டது, பொத்தான், எல்லாம். அவள் இத்தனை நாளும் தன் பிள்ளை என்று நினைத்து அந்தப் படத்துக்கு முதுகு காட்டியே அறையைப் பெருக்கியிருக்கிறாள்.

"கதவத் தொறந்து வந்த மனுசன்" என்றாள். "யாரும் எழுப்பியிருக்க மாட்டாங்க."

படத்தைத் திருப்பிப் போடச் சொல்லிவிட்டு, உள்ளே போய்ச் செம்போடு வந்தாள். மஞ்சள் தண்ணீர். எண்ணெய் வண்ணம் கெட்டுவிடும் என்று சொல்ல வாயெடுத்தேன் — சாக்கை ஒதுக்கி வழிவிட்டேன்.

"கனகசபை ஐயா" என்றாள். மூன்று முறை. பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிடுகிற மாதிரி. பிறகு செம்பைத் தூக்கிக்கொண்டு மாட்டைப் பார்க்கப் போய்விட்டாள்.

2.7.88
அப்பாதுரை எழுதியிருக்கிறான். 'கனகசபை' யாரென்று எல்லோரும் கேட்கிறார்களாம். கேட்கட்டும். கேட்கும்போது பெயரைச் சொல்லித்தானே ஆக வேண்டும்.

ஓரத்தில் மஞ்சளாக நாலைந்து துளி கறை இருக்கிறதாம். வழியில் ஏதோ பட்டிருக்கும், துடைத்துவிடட்டுமா என்கிறான்.

துடைக்காதே என்று கார்டு போட்டேன்.

அண்ணனுக்குத் தையில் லீவு.